கால்குலேட்டருக்குப் பக்கத்தில் ஒரு டிரம்மர்

வாய் சும்மா இருக்காமல் சொன்ன ஒரு வார்த்தை மூன்று மாதமாக என்னைத் துரத்துகிறது. அலுவலகச் சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார்கள். 'டா டா டா' ஓடியது. "எண்பதுகளில் உங்க ஊரில் பாட்டுக்கு அவ்வளவு பஞ்சமா? ஒரே பாட்டு, அதுவும் ஜோக்கு. அதை வைத்தே ஒரு பேண்ட் பிழைத்திருக்கிறதே" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்தவர் சிரிக்கவில்லை. ஓய்வுபெறச் சில வருஷங்களே பாக்கி இருக்கிற மனிதர், வட ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பக்கத்துக்காரர். முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "அவங்களோட முதல் ரெக்கார்டைக் கேட்டிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அதில் இந்தப் பாட்டே கிடையாது" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் காபி குடிக்காமல் எழுந்து போனது அன்றைக்குத்தான்.

அந்தப் பாட்டைப் பாடிய ஜெர்மன் பேண்டான ட்ரையோவின் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்த மெட்டு தெரிந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் அறிமுகம். 1997-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் விளம்பரத்தைப் பின்னாளில் யாரோ அனுப்பிவைத்தார்கள். இரண்டு இளைஞர்கள் வேலைவெட்டி இல்லாத ஒரு பிற்பகலில் காரில் சுற்றுகிறார்கள். தெருவோரம் கிடக்கும் நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். நாற்றம் தாங்காமல் திரும்ப இறக்கி வைக்கிறார்கள். அவ்வளவுதான் கதை, பின்னால் இந்தப் பாட்டு. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது பெப்ஸியும் இதையே எடுத்துக்கொண்டது. விளம்பரத்தில் கேட்ட பாட்டை விளம்பரமாகவே நினைவில் வைத்துக்கொள்கிறோம். போதாக்குறைக்குத் தமிழ்க் காதின் கோளாறு வேறு. நமக்கு 'டா' என்றால் யாரோ யாரையோ உரிமையோடு கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். ஜெர்மனில் 'அங்கே', 'இதோ', 'அப்போது' என்று இடத்துக்குத் தக்கபடி பொருள்படும் சின்னச் சொல் அது. மூன்று தடவை அடுக்கினால் அந்தப் பொருளும் கழன்று விழுந்துவிடுகிறது. ஆனால் பாட்டின் முழுத் தலைப்பு அதோடு முடியவில்லை. நான் உன்னைக் காதலிக்கவில்லை, நீ என்னைக் காதலிக்கவில்லை, அஹா அஹா அஹா என்று நீள்கிறது. இங்கே வந்து முதல் இரண்டு வருஷம், மொழி ஓரளவு பிடிபட்ட பிறகும்கூட, அந்த நடுவாக்கியத்தை நான் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை.

கோபித்துக்கொண்டு போனவர் அடுத்த வாரம் ஒரு துணிப்பையை என் மேசையில் வைத்தார். உள்ளே 1981-இல் வந்த அந்த முதல் இசைத்தட்டு. பேண்டின் பெயரே அதற்கும் பெயர். வெள்ளை அட்டை. படம் இல்லை, பளபளப்பு இல்லை. பேண்டின் முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும், தபால் உறையில் அனுப்புநர் பெயர் எழுதுகிற மாதிரி. க்ரோஸன்க்னேட்டன் என்ற கிராமத்து முகவரி. லட்சக்கணக்கில் விற்கும் என்று நினைத்திருந்தால் யாராவது வீட்டு எண்ணைப் போடுவார்களா? 'டா டா டா' 1982-இல் தனி சிங்கிளாக வந்தது. அது ஓடிய பிறகு வந்த பதிப்புகளில்தான் இந்த ஆல்பத்திலும் சேர்த்தார்கள். "என்னோடது பழசு" என்றார் அவர். அதைச் சொல்லும்போது குரலில் இருந்த பெருமையை விவரிக்கத் தேவையில்லை. ஊரில் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர் பேச்சைக் கேட்டிருப்பீர்கள்.

அன்று இரவு கேட்டேன். கேசியோ கீக்கீயை எதிர்பார்த்து உட்கார்ந்தவனுக்குக் கிடைத்தது வேறு. ஒரு கிதார், ஒரு டிரம், ஒரு குரல். நடுவில் வெற்றிடம். பேஸ் கிதார் கிடையாது என்பது இரண்டாவது பாட்டில்தான் உறைத்தது. சாப்பாட்டில் உப்பில்லை என்று நாக்குக்குத் தெரியும் முன்னே ஏதோ குறைகிறது என்று தெரியுமே, அந்த மாதிரி. கிதார் ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் பாணியில் இரண்டு மூன்று சுரக்கூட்டுகளைச் சுற்றியே வருகிறது. பாடகர் பாடுகிறாரா, படிவம் நிரப்பிக்கொண்டே முணுமுணுக்கிறாரா என்று சந்தேகம். 'சபீனே சபீனே சபீனே' என்று ஒன்று. ஒருவன் ஒரு பெண்ணுக்குத் தொலைபேசியில் பேசுகிறான். அவன் பக்கம் மட்டும் நமக்குக் கேட்கிறது. அசடு வழிவது கண்ணுக்கே தெரிகிறது. சிரித்தேன். முடிந்தபோது சிரித்ததற்காகக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அட்டையின் பின்னால் தயாரிப்பாளர் பெயரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிளாவுஸ் ஃபோர்மான். ஹாம்பர்க் நாட்களிலிருந்தே பீட்டில்ஸின் நண்பர். 1966-இல் 'ரிவால்வர்' ஆல்பத்துக்குக் கறுப்பு மையில் அட்டை வரைந்து கிராமி வாங்கியவர். மான்ஃப்ரெட் மான் என்ற பேண்டிலும் ஜான் லெனனின் பிளாஸ்டிக் ஓனோ பேண்டிலும் பேஸ் கிதார் வாசித்தவர். அப்படிப்பட்டவர் தேடிப்பிடித்துத் தயாரித்த பேண்டில் பேஸ் கிதாரே இல்லை! சமையல்காரர் ஒருவர் அடுப்பில்லாத வீட்டை விரும்பி வாங்கின கதை. வேறு யாராவதாக இருந்தால் "இங்கே கொஞ்சம் நிரப்புவோமே" என்று முதல் நாளே கை நீண்டிருக்கும். அவர் நிரப்பவில்லை. அந்த அட்டைப்படத்தில் தலைமுடியைக் கோடு கோடாக வரைந்துவிட்டு முகங்களை வெறுமையாக விட்ட கை அல்லவா?

மூவரும் பையன்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாடகர் ஸ்டெஃபான் ரெம்லர் 1946-இல் பிறந்தவர். கிதார் வாசித்த 'கிராலே' கிராவிங்கலும் டிரம்ஸ் வாசித்த பீட்டர் பேரன்ஸும் 1947. போர் முடிந்து செங்கல் குவியல்கள் அள்ளப்படாத காலத்துப் பிள்ளைகள். ரெம்லரும் கிராவிங்கலும் அறுபதுகளிலேயே ஒன்றாக வாசித்து, எங்கும் போய்ச் சேராமல் பிரிந்தவர்கள். ரெம்லர் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். பேரன்ஸ் எழுபதுகளின் தொடக்கத்தில் ஸில்பர்பார்ட் என்ற பேண்டில் இருந்தார். காது கிழிகிற, பத்து நிமிஷத்துக்கும் மேல் நீள்கிற ஹெவி ராக். நிரம்ப வாசிப்பது என்றால் என்னவென்று தெரியாத ஆட்கள் இல்லை. நிரம்ப வாசித்துப் பார்த்து, முப்பது தாண்டி, அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தவர்கள். இது தெரிந்த பிறகு 'வாசிக்கத் தெரியாததால் எளிமை' என்ற என் பழைய எண்ணம் நிற்கவில்லை.

ஒரு சனிக்கிழமை க்ரோஸன்க்னேட்டனுக்கே போய் வந்தேன். ஓல்டன்பர்க்கிலிருந்து ஓஸ்னாப்ரூக் போகிற ரயிலில் கொஞ்ச நேரம். பார்க்க ஒன்றுமில்லை, அதுதான் பார்க்க வேண்டியது. தட்டையான நிலம், செங்கல் வீடுகள், நேராக ஓடும் சாலை. ஆனால் அந்த வட்டாரத்தில், அஹ்ல்ஹார்ன் பக்கத்துப் புதர்க்காட்டில், பெருங்கற்காலக் கல்லறை ஒன்று இருக்கிறது. 'வீஸ்பெக் மணமகள்' என்று பெயர். சுமார் 80 மீட்டர் நீளத்துக்கு நட்ட பாறைகள். சில கிலோமீட்டர் தள்ளி 'மணமகன்', அது 100 மீட்டருக்கும் மேல். பிடிக்காத பணக்காரனுக்குக் கட்டிவைக்க ஒரு பெண்ணை ஊர்வலமாக அழைத்துப் போனார்களாம். இதற்குக் கல்லாகிப் போவதே மேல் என்று அவள் வேண்டிக்கொள்ள, மணமகன், உறவு, ஊர் எல்லாம் கல்லாகிவிட்டதாம். நான் உன்னைக் காதலிக்கவில்லை, நீ என்னைக் காதலிக்கவில்லை. ட்ரையோவுக்கும் இந்தக் கதைக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. இருந்தாலும் அந்தப் பாறை ஒன்றில் சாய்ந்து சாண்ட்விச் தின்றபோது என் மனதில் ஓடியது அந்த மெட்டுதான்.

எட்டு இலக்கத்தில் ஒரு வாத்தியம்

கேசியோ வி.எல்-1 பற்றிப் பேசாமல் நகர முடியாது. பிரேமனில் வேஸர் ஆற்றங்கரையில் கூடும் பழைய சாமான் சந்தையில் ஒன்று கிடைத்தது. விலையை என் மனைவி படிக்கக்கூடும் என்பதால் எழுதவில்லை. பாதி கால்குலேட்டர், பாதி பொம்மை ஆர்கன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் அடங்கிவிடுகிற வெள்ளை பிளாஸ்டிக் பட்டை. 29 கட்டைகள், ஆனால் கட்டை என்று சொன்னால் ஹார்மோனியம் கோபித்துக்கொள்ளும். எல்லாம் கால்குலேட்டர் பொத்தான்கள். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். பியானோ, வயலின், புல்லாங்குழல், கிதார் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். மார்ச், வால்ட்ஸ், ரம்பா என்று பத்துத் தாளங்கள். இதில் நான் மயங்கிப்போன விஷயம் வேறு. கால்குலேட்டர் நிலையில் எட்டு இலக்க எண் ஒன்றை அடித்து நினைவில் போட்டால், அந்த எண் ஒரு ஒலியாகிவிடுகிறது. முதல் இலக்கம் அலையின் வடிவம். அடுத்தவை ஒலி எழும் வேகம், தணியும் வேகம், நிற்கும் அளவு. கடைசி இரண்டு நடுக்கத்துக்கு. எங்கள் வீட்டு எட்டு வயதுக்காரி தன் பிறந்த தேதியை அடித்தாள். கொசு தும்மின மாதிரி ஒரு சத்தம் வந்தது. "இது நான் இல்ல" என்று சொல்லி அம்மா பிறந்த தேதியை அடித்தாள். அதன் முடிவையும் இங்கே எழுதப்போவதில்லை.

'டா டா டா'வில் கேட்கிற தாளம் இந்தப் பெட்டிக்குள் 'ராக்-1' என்ற பொத்தானில் இருக்கிறது. அழுத்தினால் ஆயிற்று. உலகத்தையே சுற்றிவந்த தாளம், திருத்தம் ஒன்றும் செய்யாமல், கடையில் வாங்கினபடியே. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் இரண்டாம் இடம், ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் முதலிடம் என்று 1982-இல் ஏறிய பாட்டு அது. அதே வருஷம் மே மாதத்தில் பிரிட்டன் பட்டியலின் உச்சியில் இருந்ததும் ஒரு ஜெர்மன் பெண்தான். யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்ற நிக்கோல், வெள்ளைக் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு 'கொஞ்சம் சமாதானம்' கேட்டுப் பாடியவள். அணு ஏவுகணைப் பயம் ஐரோப்பா முழுக்க இருந்த காலம், கேட்டது நியாயம்தான். அவள் கண்ணில் தண்ணீர் தேங்கக் கேட்டாள். இரண்டு மாதம் கழித்து அதே பட்டியலில் மூன்று நடுவயது ஆண்கள் வந்து, காதல் முடிந்துவிட்டது, அஹா, என்றார்கள். நான் இந்த ஊரில் பார்த்த பிரிவுகள் நிக்கோல் வகை இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, சோபா யாருக்கு என்று பேசி முடித்து, கைகுலுக்கி, படி இறங்குகிற வகை. உள்ளே என்ன ஓடியது என்பது படிக்கட்டுக்குத்தான் தெரியும்.

நின்றுகொண்டே வாசித்தவர்

ஒரு ஞாயிறு இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, சமையலறை மேசையில் வி.எல்-1-ஐ வைத்து ராக்-1-ஐ ஓடவிட்டு, மேலே அந்தப் பாட்டின் சரணத்தைப் பேசிப் பார்த்தேன். பாடுவது கஷ்டம், பேசுவதுதானே, இது யாருக்கும் வரும் என்ற திமிர். அரை நிமிஷம் நன்றாகப் போனது. அப்புறம் என்னை அறியாமல் குரலில் உணர்ச்சி ஏற ஆரம்பித்தது. 'காதலிக்கவில்லை' என்ற இடத்தில் லேசாக இழுத்தேன். இழுத்ததும் கெட்டுப்போனது, வானொலி நாடகம் ஆகிவிட்டது. சரி, உணர்ச்சியே இல்லாமல் என்று ஆரம்பித்தால் ரோபோ வேஷம் வந்தது, அதுவும் நடிப்புத்தான். பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு நான் வந்ததும் தெரியாது, தப்பு விட்டதும் தெரியாது. இரவு பதினொன்றரைக்கு ஒரு கால்குலேட்டர் முன்னால் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

தோற்றுப்போய் ஹெட்போனில் அசலைப் போட்டேன். அப்போதுதான் காது முதல்முறையாக டிரம்மரின் பக்கம் போனது. சரணத்தில் பெட்டி தன் கீச்சுகளோடும் உஸ்ஸுகளோடும் ஓடுகிறது. பல்லவியில் கிதாரும் டிரம்ஸும் நுழைகின்றன. இயந்திரத் தாளத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் வரும்போது வழக்கமாக என்ன நடக்கும்? உருட்டல், அலங்காரம், ஒரு சிம்பல் வீச்சு. நான்தான் உயிருள்ளவன் என்று காட்டிக்கொள்கிற அவசரம். இங்கே வருவது டும், டக். டும், டக். ராக்-1 பொத்தானே அவரைவிடச் சலம்புகிறது. கால்குலேட்டரை விடவும் குறைவாக வாசிக்கிற மனிதன்! திரும்பத் திரும்ப அந்த இடத்தைக் கேட்டேன். பெட்டியால் அதற்கு மேல் முடியாது, அதனால் அது சும்மா இருக்கிறது. அவருக்கு எல்லாம் முடியும். ஸில்பர்பார்ட்டில் இரண்டு கை இரண்டு காலால் இடியிறக்கியவர். அத்தனையையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டு டும், டக். நான் உன்னைக் காதலிக்கவில்லை என்று சொல்கிறவன் எதையெல்லாம் சொல்லாமல் அடக்கிவைத்திருக்கிறான் என்பது பாடகரின் வாயிலிருந்து எனக்குக் கிடைக்கவில்லை. பின்னால் நின்றவரின் கையிலிருந்துதான் கிடைத்தது.

நின்றவர் என்பது உவமை இல்லை. பீட்டர் பேரன்ஸ் நின்றுகொண்டே வாசிப்பார். அவர் முன்னால் இருந்ததை டிரம் செட் என்று சொல்ல முடியாது, அதன் மிச்சம் என்று சொல்லலாம். கால்சட்டையைத் தூக்கிப்பிடிக்கும் சிவப்பு வார்ப்பட்டை. இழவு வீட்டில் வாசலோடு நின்றுவிட்ட தூரத்து உறவினர் முகம். ஒரு கை வாசித்துக்கொண்டிருக்க, மற்றக் கையால் ஆப்பிள் கடித்துத் தின்பார். இது சும்மா வந்த கோமாளித்தனம் இல்லை. மிலானில் கோமாளிகளுக்கான பள்ளியில் படித்தவர் அவர். சர்க்கஸில் சிரிக்காத கோமாளிக்குத்தான் கூலி அதிகம் தர வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம். பல்டி அடிப்பவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். ஓரத்தில் பேசாமல் நிற்கிறவன் வீடுவரை கூடவே வருவான். அந்தக் காலத்து ஜெர்மன் பேண்டுகளை எல்லாம் 'புதிய ஜெர்மன் அலை' என்று ஒரே கூடையில் போட்டார்கள். ட்ரையோ தங்களைப் 'புதிய ஜெர்மன் குதூகலம்' என்று அழைத்துக்கொண்டார்கள். பேரன்ஸின் முகத்துக்கு மேலே அந்தப் பலகையைப் பொருத்திப் பாருங்கள்.

அடிமட்டத்துக்குப் பிறகு

குறைத்துக்கொண்டே போவதில் ஒரு சிக்கல். ஒரு கட்டத்தில் தரை தட்டிவிடும். பேஸை எடுத்தாயிற்று, டிரம் செட்டை எடுத்தாயிற்று, பாடலிலிருந்து பாடுவதையே எடுத்தாயிற்று, வார்த்தை 'டா' அளவுக்குத் தேய்ந்தாயிற்று. அடுத்த பாட்டுக்கு எதை எடுப்பது? ஒரு பாட்டு பேண்ட் என்று நான் ஏளனமாகச் சொன்னதில் இப்போது வேறு அர்த்தம் தெரிகிறது. அதற்குக் கீழே போக இடமில்லை, ஏறத்தான் முடியும். 1983-இல் வந்த இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பத்துக்கு அவர்களே வைத்த பெயர் 'பை பை'. முதல் ஆல்பத்தில் வீட்டு முகவரி இருந்த அட்டையில் இப்போது விளம்பரங்கள், இடத்தையே விற்றுவிட்டார்கள். கிண்டல்தான், நல்ல கிண்டலும்கூட. ஆனால் விற்ற இடம் விற்றதுதானே. அதில் 'அன்னா' என்ற பாட்டு எனக்குப் பிடிக்கும். மற்றவற்றில் 'நாங்கள்தான் அந்த வேடிக்கைக்காரர்கள்' என்று கண்ணடிக்கிற ஒரு தொனி வந்துவிட்டது. கோமாளி கண்ணடித்தால் ஆட்டம் முடிந்தது.

1985-இல் மூன்றாவது ஆல்பமும் ஒரு திரைப்படமும். டொமினிக் கிராஃப் இயக்கிய 'மூவருக்கு எதிராக மூவர்'. மூன்று பேருக்கும் இரட்டை வேடம், தென்னமெரிக்கச் சர்வாதிகாரிகள், ஆள்மாறாட்டம். ஒன்றுமில்லாததை வைத்துப் பிழைத்தவர்களுக்கு எல்லாமே இரண்டிரண்டாகக் கிடைத்தது. படம் ஓடவில்லை. அதோடு பேண்டும் கலைந்தது. ரெம்லர் தனியாகப் பாட ஆரம்பித்து, எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு, சாஸேஜுக்கு மட்டும் இரண்டு என்கிற ஜெர்மன் சொலவடையைப் பாட்டாக்கி இன்னொரு சுற்று ஓடினார். கிராவிங்கல் 2014 பிப்ரவரியில் இறந்தார். பேரன்ஸ் 2016 மே மாதம், வில்ஹெல்ம்ஸ்ஹாஃபெனில், 68 வயதில்.

இசைத்தட்டை அதே துணிப்பையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லப் போனேன்; அவர் அதற்கு இடம் கொடுக்காமல், "டிரம்ஸ் எப்படி?" என்று மட்டும் கேட்டார். டும், டக் என்று மேசையில் தட்டினேன். "வேகமா தட்டறீங்க" என்றார். பிறகு காபி வாங்கப் போனோம்.

வீட்டில் இப்போது ஒரு விளையாட்டு நடக்கிறது. விதிகள் எளிது. மகள் வி.எல்-1-இல் ராக்-1-ஐ அழுத்துவாள். நான் பிஸ்கட் டப்பாவுக்கு முன்னால் நின்று வலது கையில் மரக்கரண்டியால் டும், டக் வாசிக்க வேண்டும். இடது கையில் ஆப்பிள். கடிக்க வேண்டும், மெல்ல வேண்டும், தாளம் தப்பக்கூடாது, முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. ஆப்பிளைத் தின்று முடிக்கும்வரை தாக்குப்பிடித்தால் ஜெயித்தேன். இதுவரை என் சாதனை நாலு கடி. நேற்று மூன்றாவது கடியிலேயே அவள் பொத்தானை நிறுத்திவிட்டாள்.

"நான் சிரிக்கவே இல்லையே" என்றேன், வாய் நிறைய ஆப்பிளோடு.

"சிரிக்கப் போனீங்க அப்பா. பார்த்தேன். அவுட்."